வத்தல் மேல் இறங்கிய விமானம்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் பி.காம். டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும், ஆகாயம் தெரியாது. இதுவரை விமானத்தில் போனது ஒரே தடவை. அதுவும் நடு சீட்டில், இரண்டு பக்கமும் குறட்டை விடுகிறவர்களுக்கு மத்தியில். அப்பேர்ப்பட்டவனிடம் போன மாசியில் ஒரு சனிக்கிழமை கூரியர்காரர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே ஒரு ட்ரோன்.

"என்னங்க இது, குட்டி ஃபேனா? கரண்ட் போனா ஓடுமா?" என்றாள் மனைவி.

"ட்ரோன். மேலே போய்ப் படம் எடுக்கும். இனிமே கட்டுரையோட போட்டோவும் நானே கொடுத்துடலாம். போட்டோவுக்குத் தனி ரேட்!"

"எவ்வளவு ஆச்சு?"

சொன்னேன். (பாதி விலைதான் சொன்னேன். பி.காம். என்று முதலிலேயே சொல்லிவிட்டேனே!)

"அது சரி, ட்ரோன்னா என்ன அர்த்தம்?"

அகராதியைப் புரட்டினேன். புரட்டியிருக்கக் கூடாது. ட்ரோன் என்றால் ஆண் தேனீ என்று போட்டிருந்தது. ஆண் தேனீ தேன் சேர்க்காது, கூடு கட்டாது, அதற்குக் கொட்டக்கூடத் தெரியாது. கூட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு ரீங்காரம் பண்ணிக்கொண்டு திரியும். 1935-ல் பிரிட்டிஷ்காரர்கள் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழக ஆளில்லாத விமானம் ஒன்றைச் செய்து அதற்கு 'குயின் பீ', அதாவது ராணித் தேனீ என்று பேர் வைத்தார்கள். அதிலிருந்துதான் இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன்.

"பேர் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ட்ரோனைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

பெட்டிக்குள் ஒரு புத்தகமும் இருந்தது. 'பறக்கவிடுவதற்கு முன் படிக்கவும்' என்று முதல் வரி. டி.வி. வாங்கினபோது படித்தோமா, மிக்ஸி வாங்கினபோது படித்தோமா? நேரே மொட்டை மாடிக்குப் போனேன். பிற்காலத்தில் மாடி எடுப்போம் என்ற நம்பிக்கையில் அப்பா விட்டுவைத்த துருப்பிடித்த கம்பிகள் நான்கு மூலையிலும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அதில் ஒரு தூண் பக்கத்தில் ட்ரோனை வைத்துக் கிளப்பினேன்.

கிளம்பியது! தலை உயரத்துக்கு வந்து நின்றது. ராக்கெட் விட்ட விஞ்ஞானி மாதிரி நெஞ்சை நிமிர்த்தினேன். அடுத்த வினாடி அது தன்னிஷ்டத்துக்கு நகர ஆரம்பித்தது. நான் இடது பக்கம் இழுக்கிறேன், அது வலது பக்கம் போகிறது. மேலே ஏற்றுகிறேன், பக்கத்து வீட்டு மாடிக்கே போய்விட்டது. அங்கே அத்தை வெள்ளை வேட்டி விரித்துக் கூழ் வத்தல் ஊற்றி வைத்திருந்தார்கள். அரைக் காய்ச்சலில் இருந்த வத்தலின் மேல் என் விமானம் இறங்கி, நாலு இறக்கையாலும் கூழை நாலு திசைக்கும் தெளித்தது.

சுவரைத் தாண்டிக் குதித்து, ஓடுகிற இறக்கையோடு அதைக் கையால் பிடித்தேன். கட்டைவிரலில் மூன்று தையல்.

அத்தை கோபப்படவில்லை. "ஏம்ப்பா, காக்காவுக்குத்தான் காவல் உக்காந்திருந்தேன். இனிமே உனக்கும் உக்காரணுமா?" என்றார்கள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே மச்சினன் வந்துவிட்டான். (அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் நியூஸ் எந்த ட்ரோனைவிடவும் வேகமாகப் பறக்கும்.) அவன் கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கொஞ்சம் பெரிய ட்ரோன் விடுவதால் பயிற்சி நிலையத்தில் முறையாகச் சேர்ந்து சர்டிபிகேட் வாங்கினவன். அதில் சேரப் பதினெட்டு வயசு ஆகியிருக்க வேண்டும், பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும். அவன் ட்ரோனுக்கு பைக் மாதிரி ஒரு பதிவு நம்பர்கூட உண்டு.

"எனக்கும் சர்டிபிகேட் வேணுமா மாப்ளே?" என்றேன், தையல் போட்ட விரலைத் தடவியபடி.

"உங்களுக்கு வேணாம் மாமா" என்று விளக்கினான். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரைக்கும் உள்ளது 'நானோ'. அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. அப்புறம் 25 கிலோ, 150 கிலோ என்று ஏறிக்கொண்டே போகும். நானோ விடுகிறவருக்கும், சம்பாதிக்காமல் ஆசைக்கு மைக்ரோ விடுகிறவருக்கும் பைலட் சர்டிபிகேட் தேவையில்லை. என்னுடையது 249 கிராம்.

"ஒரு கிராம்ல பாஸ்!" என்று துள்ளினேன்.

"சட்டம் உங்களை விட்டுடுச்சு மாமா. இறக்கை விட்டுதா?" என்று என் கட்டைவிரலைப் பார்த்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊருக்கு வெளியே, தண்ணீர் வற்றிய ஏரிக்குள் வகுப்பு ஆரம்பம். முதல் நாள் ட்ரோன் தரையை விட்டு எழும்பவே இல்லை. நான்தான் ட்ரோனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இறக்கையில் கீறல் இருக்கிறதா, பாட்டரி உப்பியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். (மண்ணை அள்ளித் தூவிப் பார்த்தேன். என் கண்ணில் விழுந்தது. காற்று எதிர்ப்பக்கம் என்று தெரிந்துகொண்டேன்.) பிறகு ஜி.பி.எஸ். கிடைக்கும் வரை பொறுமையாக நிற்க வேண்டும். போதுமான செயற்கைக்கோள்கள் கிடைத்த பிறகுதான் அதற்குத் தான் நிற்கிற இடம் எது, திரும்பி வர வேண்டிய வீடு எது என்று தெரியும். அதற்குள் கிளப்பினால் வீட்டு விலாசம் தெரியாமல் வெளியூர் போன குழந்தை கதைதான்.

மாடியில் நடந்தது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கியது. உள்ளே ஒரு திசைகாட்டி இருக்கிறது. பக்கத்தில் இரும்பு இருந்தால் அதற்கு வடக்கும் தெரியாது, தெற்கும் தெரியாது. அப்பா விட்டுவைத்த கம்பிகள், மாடி எழும்பத்தான் உதவவில்லை, ட்ரோனை இறக்கவாவது உதவின.

இரண்டாம் பாடம், கையை எடுப்பது. "பயமா இருந்தா குச்சியிலேர்ந்து கையை எடுத்துடுங்க மாமா. அது அப்படியே அந்தரத்துல நிக்கும். அப்புறம் நிதானமா யோசிக்கலாம்." கேட்க சுலபம். ஆனால் பதினாறு வயசிலிருந்து பைக் ஓட்டுகிறவனுக்கு ஆபத்து வந்தால் எதையாவது இறுக்கிப் பிடிக்கத்தான் தெரியும். ஆபத்தில் ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஃபைல் வந்தால் தொடாமல் வைத்திருந்து, அது தானாகவே தீர்ந்துபோவதைப் பார்த்தவர்கள் ஆயிற்றே! ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது.

மூன்றாம் பாடம், கண்ணாடி. ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். கண்ணாடி பார்த்து மீசை கத்தரிக்கிற அதே குழப்பம். புதுசாகக் கற்கிறவன் எப்போதும் அதன் முதுகைப் பார்த்தே ஓட்ட வேண்டும்.

நான்காம் பாடம் மட்டும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. பாட்டரி முப்பது சதவீதத்துக்கு வந்தால் திரும்பிவிட வேண்டும். பேங்கில் மினிமம் பாலன்ஸ்! போகும்போது பின்காற்று தள்ளிக்கொண்டு போகும். வரும்போது அதே காற்று எதிர்க்காற்று. செலவு இரட்டிப்பு. தேதி ஒன்றில் சம்பளம் வாங்கி இருபதில் கடன் கேட்கிற எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

கடைசியாகச் சட்டம். வரைபடத்தில் நாடு முழுவதும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வர்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள். பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம். மஞ்சளில் அனுமதி கேட்க வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசைக் கேட்காமல் ஆசைப்படவே கூடாது. மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. கொஞ்சம் அதிகம்தானே என்றால், 2018 டிசம்பரில் லண்டன் பக்கத்தில் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிகிறது என்று சொல்லப்போக, கிறிஸ்துமஸ் நேரத்தில் சுமார் ஆயிரம் விமானங்கள் நின்றுபோயின. அதை நினைத்தால் லட்சம் ஜாஸ்தியில்லை.

அதே 2018-ல்தான் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் அண்ணா பல்கலைக்கழகம் எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு இரண்டாம் பரிசு வாங்கியது. அதற்கு ஆலோசகர் நடிகர் அஜித்குமார். "தல லெவலுக்கு வேணாம் மாப்ளே, தலையில விழாம இருந்தா போதும்" என்றேன்.

ஒரு மாதம் போயிற்று. இறக்கையும் உடையவில்லை, விரலும் தப்பித்தது. எட்டு போடச் சொன்னால் எட்டு போட்டேன். எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. மனிதனுக்கு இதுதான் ஆபத்தான கட்டம்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "கல்வராயன் மலை போலாம் மாப்ளே. மேகம் அருவியை மேலேர்ந்து ஒரு ஷாட். அட்டைப்படத்துக்கே போட்டுடுவாங்க" என்று கிளம்பினேன். பைக்கில் கச்சிராயபாளையம் வழியாகப் போனோம். கோமுகி அணையைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. "அணை மேல எல்லாம் விடக்கூடாது மாமா" என்றான். காட்டைப் பார்த்தேன். "காப்புக்காடு. வனத்துறையைக் கேக்கணும்." அருவி? "அதுவும் காட்டுக்குள்ளதான் இருக்கு." அட்டைப்படம் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோயிற்று.

வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூர். டீக்கடைக்காரருக்குச் சொந்தமான சாமை அறுத்த வயல் ஒன்று ரோட்டோரம் சும்மா கிடந்தது. அவரிடம் கேட்டோம். "தாராளமா விடுங்க சார்" என்றார். எதிரே சரிவு. சரிவில் புளிய மரங்கள், நடுநடுவே ஓட்டு வீடுகள். பார்க்கக் காலண்டர் மாதிரி இருந்தது.

இறக்கை, பாட்டரி, காற்று, ஜி.பி.எஸ். எல்லாம் பார்த்தேன். கிளப்பினேன். முப்பது மீட்டர் உயரத்தில் நிறுத்தி, சரிவை நோக்கி நேராக விட்டேன். மச்சினனுக்குக் கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே பத்தடி தள்ளிப் போனான். நான் ட்ரோனைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருந்தது, என்ன செய்ய!

திடீரென்று ஸ்கிரீன் முழுக்கப் புளிய இலை. அதன் நடுவே ஒரு முகம்.

மரத்தின் மேல் ஒரு ஆள். புளி உலுக்க ஏறியிருக்கிறார். கண்ணுக்கு நேரே கொய்ங் என்று வந்து நின்ற என் தேனீயைப் பார்த்து அரண்டு, அவசரமாக இறங்கப் பார்த்து, கால் வழுக்கி, ஒரு கிளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

ஸ்கிரீனில் உயரம் 30 மீட்டர் என்றுதான் இருக்கிறது. பொய் இல்லை. ஆனால் அது நான் நிற்கிற வயலிலிருந்து 30 மீட்டர். எனக்கு எதிரே மலை சும்மா இல்லாமல் இருபது மீட்டர் ஏறிவிட்டது. மீதியை மரம் ஏறிவிட்டது. மச்சினன் ஏரிக்குள் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தான். ஏரி மட்டமான தரை.

கற்ற பாடம் ஞாபகம் வந்தது. கையை எடுத்தேன். ட்ரோன் சமர்த்தாக அப்படியே நின்றது. அந்த மனிதரின் முகத்துக்கு நேரே, அவரை முறைத்துக்கொண்டு! என் 249 கிராம் பத்திரம். தொங்குகிற மனிதர்?

"பின்னால எடுங்க மாமா! பின்னால!" என்று மச்சினன் போனோடு ஓடி வந்தான். இழுத்தேன். ட்ரோன் பின்வாங்கியது. அவர் காலால் துழாவி, கீழ்க்கிளையைக் கண்டுபிடித்து, நின்று, மூச்சு வாங்கியதை ஸ்கிரீனில் பார்த்தேன். அதற்கப்புறம்தான் நான் மூச்சு விட்டேன்.

ட்ரோனை இறக்கிவிட்டுச் சரிவில் ஏறிப் போனோம். வழியில் இருந்த வீடுகளில் கதவுகள் சாத்தியிருந்தன. தொட்டிப் பக்கம் பாதி துவைத்த துணிகள் கிடந்தன, துவைத்தவர்களைக் காணோம். மரத்தடியில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். என் வயசுதான் இருக்கும். முழங்கையில் சிராய்ப்பு. பக்கத்தில் அவருடைய அம்மா.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அவர் என் கையிலிருந்ததைப் பார்த்தார். "போலீசு இல்லியா நீங்க?"

"ஐயையோ, இல்லீங்க. பத்திரிகைக்கு எழுதறவன்."

அப்போதுதான் உறைத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்களே, அதற்குப் பிறகு சாராய ஊறலைத் தேடி இந்த மலையில் போலீஸ் ட்ரோன் விட்டுத் தேடியது. அத்தனை உயிர் போன பிறகு தேடாமல் எப்படி? தேட வேண்டியதுதான். ஆனால் இங்கே உள்ளவர்களுக்குத் தலைக்கு மேல் ரீங்காரம் கேட்டால் யாரோ தேடுகிறார்கள் என்று ஆகிவிட்டது. யாருடையது, எதற்கு என்று மேலே பறக்கிறது சொல்லுமா?

நான் சும்மா இருந்திருக்கலாம். பி.காம். மூளை கேட்டது. "நீங்கதான் ஒண்ணும் பண்ணலியே, எதுக்குப் பயந்தீங்க?"

அவர் சிராய்ப்பில் எச்சிலைத் தடவிக்கொண்டே சொன்னார். "பண்ணவன் பயந்தா ஓடிருவான் சார். பண்ணாதவன் பயந்தாத்தான் கீழ விழுவான்."

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் அம்மா என்னைப் பார்த்து, "ஏஞ்சாமி, வூட்டுக்குள்ள எட்டிப் பாக்கறவன்கூட வாசல்ல செருப்புச் சத்தம் குடுத்துட்டுத்தான் வருவான். நீ வானத்துலேர்ந்து வர்றியே?" என்றார். அதற்கும் தெரியவில்லை.

ஸ்கிரீனை அவரிடம் காட்டி, எடுத்த படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அழிப்பதற்கு முன்னால், "கொஞ்சம் இருங்க" என்று அவர் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டார். கிளையில் தொங்குகிற முகம். சிரித்துவிட்டார். அம்மாவும் எட்டிப் பார்த்தார். "அப்பன் மாதிரியே முழிக்கிறான்."

கதவுகள் மெல்லத் திறந்தன. பிள்ளைகள் வந்தன. டீக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். "நெலத்துக்கு நான் சரின்னேன். வானத்துக்கு நான் யாரு?" என்று அவர் பங்குக்கு ஒன்றைப் போட்டார்.

கிளம்புகிற நேரத்தில் அந்த மனிதர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், இது எங்க வூட்டுக் கூரையக் காட்டுமா? மழைக்கு ஒழுவுது. எந்த எடமுன்னு தெரியல. ஏறிப் பாத்தா மிதிச்ச எடமெல்லாம் ஓடு ஒடையுது."

இந்தத் தடவை மச்சினன் முதலில் எல்லோரிடமும் சொன்னான். தொட்டிப் பக்கம் யாரும் இல்லையே என்று பார்த்தான். பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்தான். ட்ரோனை விட்டு கண்ணை எடுக்காமல் பக்கத்தில் நின்றான். நான் அவர் வீட்டு வாசலிலிருந்தே கிளப்பி, நேர் மேலே ஏற்றினேன். கூரை தெரிந்தது. முகட்டுக்குக் கீழே மூன்றாம் வரிசையில் இரண்டு ஓடுகள் பிளந்து கிடந்தன. "அடச்சே! அடுப்படிக்கு மேல பாத்துட்டு இருந்தேன், படுக்கற எடத்து மேல இருக்குது" என்றார். அம்மாவின் கையில் ஸ்கிரீனைக் கொடுத்தேன். தன் வீட்டை மேலிருந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இம்மாந்தூண்டா?" என்றார்.

அட்டைப்படம் கிடைக்கவில்லை. ஒரு பை புளி கிடைத்தது. காசு கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டார்கள்.

இப்போது என் ட்ரோன் பெட்டிக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். இறக்கை, பாட்டரி, காற்று, ஜி.பி.எஸ்., வரைபடம் என்று வரிசையாக ஐந்து. எல்லாம் மச்சினன் சொல்லிக்கொடுத்தது. எல்லாம் ட்ரோன் பத்திரமாக இருக்க. ஆறாவதாக நானே பேனாவால் எழுதிச் சேர்த்தேன்: 'கீழே யார்? சொல்லியாச்சா?' கிளப்பும்போது முதலில் பார்ப்பது அந்த ஆறாவதைத்தான்.

அதன்படியே போன வாரம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். "அத்தை, நாளைக்குக் காலைல மாடியில பத்து நிமிஷம் விடலாம்னு இருக்கேன். இரும்புக் கம்பிப் பக்கம் இல்லை, நடுவுலதான். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நாளைக்கு வத்தல் போடறேனே..."

"அப்போ வேணாம் அத்தை, இன்னொரு நாள்..."

"இருப்பா, முழுசாக் கேளு. அன்னைக்கு உன் யந்திரம் வந்துட்டுப் போனதிலேர்ந்து ரெண்டு நாளைக்கு ஒரு காக்கா எட்டிப் பாக்கலை. நாளைக்கு ஒம்பதுலேர்ந்து நாலு மணி வரைக்கும் விட முடியுமா?"

பாட்டரி இருபது நிமிஷம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ மீதி நேரம் நீயே வந்து நில்லு" என்றார்கள்.

நின்றேன்.